பழைய தழும்பில் புதுப் புண்

தையல் வகுப்புக்குப் பெயர் பதிவதற்காகப் பசறைக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். பின்னேரம் நாலரை மணி இருக்கும். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் பீலியடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் இடுப்புப் படங்கை அவிழ்த்து உதறிப் போட, ஓர் அக்கா மட்டும் படங்கோடேயே ஒதுங்கி நின்றார். மற்றவர்கள் போன பிறகுதான் பாவாடையை முழங்காலுக்கு மேலே தூக்கினார். முழங்காலின் பின்பக்கத்தில் பழைய சீலைத் துண்டு ஒன்று சுற்றியிருந்தது. அதை அவிழ்த்தபோது எழுந்த வாடை நான் நின்ற இடம்வரை வந்தது.

"என்னக்கா அது?"

"ஒண்ணுமில்ல தங்கச்சி. பழைய தீப்புண்ணு. மலையில சிம்பு குத்திருச்சு. ஆறிக்கிட்டுத்தான் இருக்கு."

"எத்தன நாளா?"

யோசித்தார். "போன தீவாளிக்கு முந்தி."

நான் போனது சித்திரை மாதம்.

பெயர் பதிய வந்தவள் எதற்கு இன்னொருவரின் காலைப் பார்த்து இத்தனை கேள்வி கேட்டேன் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கும் ஒரு தழும்பு இருக்கிறது. 1983 ஜூலை 27ஆம் திகதி பதுளைக் கடைவீதி எரிந்தபோது எனக்கு ஒன்பது வயது. இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் சுருங்கி, இடையிடையே வெளிறிப் போயிருக்கும். நாற்பது வருடத்துக்கு மேலாக நீளக்கைச் சட்டைதான் போடுகிறேன். அன்றைய கதையைச் சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. எரிந்த தோல் பல வருடங்களுக்குப் பிறகு என்ன செய்யக்கூடும் என்பதை ஒரு தாதி எனக்குச் சொன்னார். அது தெரியாமலே எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவைப் பறிகொடுத்தோம். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தோல் புற்றுநோய் என்றதும் பலருக்கு வெயில்தான் நினைவுக்கு வரும். அவுஸ்திரேலியாவுக்குப் போன உறவினர்கள் தொலைபேசியில் கதைக்கும்போது சொல்வார்கள். அங்கே 70 வயதாவதற்குள் மூவரில் இருவருக்கு ஏதோ ஒரு தோல் புற்று கண்டுபிடிக்கப்படுகிறதாம். தொப்பி இல்லாத பிள்ளையைப் பள்ளிக்கூட முற்றத்தில் விளையாட விடமாட்டார்களாம். அது வெள்ளைத் தோலின் பிரச்சினை. நமது தோலில் மெலனின் என்ற கருநிறப்பொருள் குடை பிடித்தது போல நிற்கிறது. காலையில் பிரட்டுக்குப் போய் மாலைவரை மலையில் நிற்கும் நமது பெண்களுக்கு வெயிலால் மட்டும் தோல் புற்று வருவது அரிது. முகம் கறுக்கும், கன்னத்தில் மங்கு விழும். அவை புற்று அல்ல. மங்கு போவதற்கென்று கடையில் விற்கும் பெயர் தெரியாத வெள்ளைக் கிறீம்களைப் பூசுவதுதான் வினை. அப்படிப்பட்ட பல கிறீம்களில் பாதரசம் இருப்பது சோதனைகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் இந்தக் குடை இல்லாதவர்களும் நம் லயங்களில் இருக்கிறார்கள். முடியும் இமையும் வெளுத்து, வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பிறக்கும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். தாய் தகப்பன் இருவரின் பரம்பரையிலும் மறைந்திருந்த ஒரு குறை ஒன்று சேர்ந்ததால் அப்படிப் பிறக்கிறார்கள். தாய் செய்த பாவமும் இல்லை, கிரகணத்தில் வெளியே போனதும் இல்லை. இந்தப் பிள்ளைகளுக்கு வெயில்தான் எதிரி. பதின்ம வயதிலேயே முகத்திலும் காதிலும் கையின் மேற்புறத்திலும் சொரசொரப்பான செதில் திட்டுகள் தோன்றலாம். கண்ணால் பார்ப்பதைவிட விரலால் தடவினால்தான் சீக்கிரம் தெரியும். மணல்தாளைத் தடவுவது போல இருக்கும். உரிந்து போகும், திரும்பவும் அதே இடத்தில் வரும். இது புற்றுநோய்க்கு முந்திய படி. இந்தப் படியில் பிடித்துவிட்டால் சிகிச்சை மிக எளிது. குளிர் நைதரசன் திரவத்தைத் தொட்டு வைத்து உறைய விடுவார்கள். அல்லது ஒரு கிறீம் கொடுப்பார்கள். அதைப் பூசும் சில வாரங்களுக்கு அந்த இடம் சிவந்து புண்ணாகி, பயமுறுத்திவிட்டுத்தான் ஆறும். வைத்தியரைக் கேட்காமல் இடையில் நிறுத்திவிடக் கூடாது.

அப்படி ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் ஆசிரியரிடம் போய்க் கதையுங்கள். காலைக் கூட்டத்தில் வெயிலில் நிறுத்த வேண்டாம், முன்வாங்கில் இருத்துங்கள் என்று கேளுங்கள். அகன்ற தொப்பி, நீளக்கை, முழுப் பாவாடை அல்லது நீளக் காற்சட்டை வேண்டும். காலை பத்து மணியிலிருந்து பின்னேரம் மூன்று மணிவரை நிழல் வேண்டும். மூடுபனி கிடக்கிறது, வெயிலே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சுடாத வெளிச்சத்திலும் புறஊதாக் கதிர் இருக்கிறது. ஆயிரம் மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அது கூடுகிறது. ஹப்புத்தளை கடல்மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேலே இருக்கிறது.

இனி நமது சொந்தக் கதைக்கு வருகிறேன். கறுத்த தோல்காரருக்குத் தோல் புற்று வந்தால், பெரும்பாலும் நாம் பார்க்காத இடத்தில் வருகிறது. அதிலும் முக்கியமானது பழைய தழும்பு.

ஜீன் நிக்கலா மர்ஜோலின் என்ற பிரெஞ்சுச் சத்திரசிகிச்சை வைத்தியர் 1828ஆம் ஆண்டில், தழும்பின் மேல் எழுகின்ற ஆறாத புண்களைப் பற்றி எழுதிவைத்தார். பின்னாளில் வந்தவர்கள் அதற்கு மர்ஜோலின் புண் என்று அவர் பெயரையே வைத்தார்கள். தீயில் வெந்த தோல், ஒட்டுப் போடாமல் தானாகவே இழுத்து மூடிக்கொள்ளும்போது, அது மெல்லியதாக, இரத்த ஓட்டம் குறைந்ததாக இருக்கும். வியர்வைச் சுரப்பி இருக்காது, எண்ணெய்ப் பசை இருக்காது, நிறப்பொருளும் சரியாக இருக்காது. முழங்கால், முழங்கை, அக்குள், குதிகால் போன்ற மடங்குகின்ற இடங்களில் அது வெடிக்கும், ஆறும், மறுபடி வெடிக்கும். ஒவ்வொரு முறை ஆறும்போதும் புதிய கலங்கள் பிறக்க வேண்டும். இப்படி ஓயாமல் பிறந்துகொண்டே இருப்பதில் என்றோ ஒரு நாள் ஒரு கலம் தறிகெட்டுப் போகிறது. தழும்புக்குள் நிணநீர் ஓட்டமும் குறைவு என்பதால் உடம்பின் காவல்காரருக்கும் அது சீக்கிரம் தெரிவதில்லை.

இது எல்லோருக்கும் வருவதில்லை. பெரிய தீத்தழும்பு உள்ள நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு வரலாம் என்பதுதான் நூல்களில் உள்ள கணக்கு. ஆனால் அது எப்போது வருகிறது என்பதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. காயம் பட்டு, சராசரியாக 30 வருடங்களுக்குப் பிறகு. விரலை மடக்கிப் பாருங்கள். 1983இல் எரிந்தவர்கள், 1990களில் குண்டுவீச்சில் வெந்தவர்கள், முகாம் கொட்டிலில் விளக்குக் கவிழ்ந்து சுட்டுக்கொண்டவர்கள் எல்லோரும் இப்போதுதான் அந்தக் காலத்துக்குள் நிற்கிறார்கள். 2009இல் காயப்பட்டவர்களுக்கு அது இன்னும் முன்னால் இருக்கிறது. சண்டை முடிந்து, காயம் ஆறி, பிள்ளைகளும் வளர்ந்த பிறகு, மறந்துபோன ஒரு தழும்பு திரும்ப வாய் திறக்கிறது. யாரும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை.

தீக்காயம் மட்டுமல்ல. ஷெல் துண்டு பட்டு எலும்புவரை போன காயம், மேலே மூடினாலும் சிறு துளையொன்று இருந்து வருடக்கணக்கில் சீழ் கசிந்துகொண்டே இருக்கும். அந்தத் துளையின் வாயிலும் இது வரலாம். பொய்க்கால் போட்டிருப்பவர்களின் மொட்டைக் காலில் உராய்ந்து உராய்ந்து ஆறாமல் இருக்கும் புண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்குத் தொடையில் அப்படித்தான் இருந்தது. முல்லைத்தீவில் பட்ட ஷெல் காயம். உறவினரைத் தேடி ஊவாவுக்கு வந்து பல வருடங்களுக்குப் பிறகு, தழும்பின் நடுவில் சிறு கொட்டைப்பாக்கு அளவில் புண் வந்தது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசினார். பிறகு கப்சூலைப் பிரித்து உள்ளே இருந்த தூளைத் தூவினார். அது காய்ந்து பொருக்குக் கட்டும்போதெல்லாம் ஆறிவிட்டது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். ஒன்றரை வருடம் போயிற்று. அவர் ஏன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று பிறகுதான் அவருடைய மகள் எனக்குச் சொன்னாள். காயம் எப்படி வந்தது என்று கேட்பார்கள், அதை எழுதுவார்கள், எழுதியது எங்கே போகுமோ என்று பயந்திருக்கிறார். கவட்டியில் நெரி கட்டி, அது உடைந்த பிறகுதான் கொண்டுபோனோம். அப்போது வைத்தியர்களால் வலியைக் குறைக்கத்தான் முடிந்தது.

அந்தப் பயம் உள்ளவர்கள் நம்மில் பலர். ஆகவே இதைத் தெளிவாகச் சொல்கிறேன். வைத்தியருக்குத் தெரிய வேண்டியது இரண்டே விடயம். அது தீக்காயமா வெட்டுக் காயமா குண்டுக் காயமா என்பது ஒன்று. எந்த வருடம் பட்டது என்பது மற்றது. எங்கே, யாரால், ஏன் என்பவை சிகிச்சைக்குத் தேவையில்லை. நீங்கள் சொல்ல விரும்பாவிட்டால் சொல்ல வேண்டியதில்லை. தழும்பு தொடையிலோ மார்பிலோ இருந்தால், பக்கத்தில் ஒரு தாதி நிற்க வேண்டும் என்று கேட்கலாம். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டும்? ஆறாமை. அதுதான் முதல் அடையாளம். சாதாரணப் புண் இரண்டு மூன்று வாரத்தில் சுருங்கத் தொடங்கும். பழைய தழும்பில் வந்த புண் ஒரு மாதம் கடந்தும் சுருங்கவில்லை என்றால் அதைக் காட்ட வேண்டும். ஓரம் தடித்து, சுருட்டி மடித்த பாயின் விளிம்பு போல எழும்பியிருந்தால், கோவாப்பூப் போலச் சதை முளைத்தால், தொட்டதும் இரத்தம் கசிந்தால், முன்பு இல்லாத வாடை வந்தால் ஒரு மாதம்கூடப் பொறுக்காதீர்கள். வலி இல்லையே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். தழும்பில் நரம்பு செத்திருப்பதால் ஆரம்பத்தில் வலிக்காமல் இருக்கலாம். காலில் புண் என்றால் கவட்டியிலும், கையில் என்றால் அக்குளிலும் நெரி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

ஆறாத புண் எல்லாம் புற்றுநோய் என்று யாரும் நடுங்கவும் வேண்டாம். சீனி வருத்தம் உள்ளவர்களுக்குக் கால் புண் ஆறாது. வன்னியில் இருந்து வந்தவர்களுக்கு மணல் ஈ கடித்து வரும் லீஷ்மேனியா என்ற நோயிலும் மாதக்கணக்கில் ஆறாத புண் வரும். காசநோய்க் கிருமி தோலிலும் புண் உண்டாக்கும். இவை எல்லாவற்றுக்கும் மருந்து இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எது என்று தெரியாமல் ஒரே ஒயின்மென்டை எல்லாவற்றுக்கும் பூசிக்கொண்டிருப்பதில்தான் காலம் போகிறது.

இனி அந்த அக்காவிடம் வருகிறேன். 1985இல் வவுனியாப் பக்கத்து முகாமொன்றில் குப்பி விளக்குக் கவிழ்ந்து கால் வெந்தவர் அவர். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் அந்தத் தழும்பு சும்மா இருந்தது. 2010இல் திரும்பி வந்து மலையில் பேர் பதிந்த பிறகு, கவ்வாத்து வெட்டிய செடிகளின் சிம்பு காலைக் கிழிப்பது வழக்கமாயிற்று. மற்றவர்களுக்கு அந்தக் கீறல் இரண்டு நாளில் மறையும். இவருக்கு மறையவில்லை. தோட்ட டிஸ்பென்சரியில் மூன்று முறை மாத்திரை வாங்கியிருக்கிறார். ஒரு ஆஸ்பத்திரியில் மருந்து கட்டி அனுப்பியிருக்கிறார்கள். பழைய தீக்காயம் என்று இவர் சொல்லவும் இல்லை, அவர்கள் கேட்கவும் இல்லை.

"கிளினிக்குப் போனா ஒரு நாளுப் பேரு போயிரும் தங்கச்சி. ஒரு நாளோட முடியுமா? இன்னைக்கு வா, நாளைக்கு வான்னு சொல்லுவாங்க. அதோட, கத்தி வச்சா பரவிருமாமே. எங்க மாமியாரு அப்படித்தான் சொல்லும்."

கத்தி பட்டால் பரவும் என்ற பேச்சு எங்கும் இருக்கிறது. அது எப்படி வந்தது என்று எனக்கு விளங்குகிறது. நம்மவர்கள் முற்றிய பிறகு போகிறார்கள், வெட்டுகிறார்கள், கொஞ்ச நாளில் இறந்து போகிறார்கள். பார்த்தவர்கள் கத்தியில் பழியைப் போடுகிறார்கள். பரிசோதனைக்கு எடுப்பது மிளகளவுச் சதைதான். மரக்க ஊசி போட்டு, புண்ணின் ஓரத்தில் இரண்டு மூன்று இடத்தில் கிள்ளி எடுத்து, உருப்பெருக்கியில் பார்ப்பார்கள். நடுவில் இருப்பது செத்த சதை, அதில் எடுத்தால் உண்மை தெரியாது. இந்தப் பரிசோதனையால் நோய் பரவுவதில்லை. பரிசோதிக்காமல் வைத்திருக்கும் மாதங்களில்தான் பரவுகிறது. வெயிலால் வரும் தோல் புற்றைவிடத் தழும்பில் வரும் புற்று நெரிக்கட்டிகளுக்குச் சீக்கிரம் போகும் குணமுள்ளது.

நான் அக்காவிடம் பெரியம்மாவின் கதையைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சீலைத் துண்டை மறுபடி சுற்றினார். அடுத்த கிழமை அவருடைய மகளே எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

போகும்போது நாங்கள் ஒரு காரியம் செய்தோம், அது மிகவும் உதவியது. எனக்குத் தெரிந்த ஒரு சிங்கள ஆசிரியையிடம் சொல்லி, ஒரு தாளில் சிங்களத்தில் நான்கு வரி எழுதி வாங்கினோம். இந்தக் காலில் 1985இல் தீக்காயம் பட்டது. அதே இடத்தில் ஆறு மாதத்துக்கு மேலாகப் புண் ஆறவில்லை. மூன்று முறை மாத்திரை எடுத்தும் குறையவில்லை. சீனி வருத்தம் இல்லை. அவ்வளவுதான். நெரிசலில் நமது மொழி தெரியாத ஒருவர் முன்னால் நின்று திக்குவதைவிட, அந்தத் தாளை நீட்டியது நல்லதாயிற்று. வைத்தியர் வாசித்துவிட்டு உடனே காலைக் காட்டச் சொன்னார். அன்றைக்கே சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தந்தார். பழைய மருந்துத் துண்டுகள் இருந்தால் அவற்றையும் எறியாமல் கொண்டுபோங்கள்.

பதுளைப் பெரியாஸ்பத்திரியில் தோல் கிளினிக்கும் சத்திரசிகிச்சைக் கிளினிக்கும் நடக்கின்றன. பண்டாரவளை, ஹப்புத்தளை, வெலிமடைப் பக்கத்தில் இருப்பவர்கள் தியத்தலாவை ஆஸ்பத்திரியில் முதலில் காட்டலாம். மேலதிகச் சிகிச்சை வேண்டியவர்களை மகரகமை அபேக்ஷா ஆஸ்பத்திரிக்கும் அனுப்புகிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கும் வெட்டுவதற்கும் தங்குவதற்கும் காசு இல்லை. பஸ் காசும், போகும் நாட்களின் பேரும்தான் செலவு. அது சின்னச் செலவு என்று நான் சொல்லமாட்டேன். தோட்டத்தில் உள்ள நலன்புரிச் சங்கமோ மாதர் சங்கமோ முன்கூட்டிக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கலாம். மரண உதவிக்குச் சேர்க்கிறோம், கிளினிக் பஸ் காசுக்கு ஏன் சேர்க்கக் கூடாது?

இரண்டு வாரம் கழித்து அறிக்கை வந்தது. செதிட்கலப் புற்றுநோய். அக்கா அழவில்லை. "காலை எடுத்துருவாங்களா?" என்று மட்டும் கேட்டார். எடுக்க வேண்டியிருக்கவில்லை. புண்ணோடு சேர்த்துச் சுற்றிவர நல்ல சதையிலும் இரண்டு சென்ரிமீற்றர் அளவு வெட்டி, மற்றத் தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து ஒட்டினார்கள். எலும்பைத் தொட்டிருந்தால் காலை எடுக்கத்தான் வேண்டும். நெரிக்குப் போயிருந்தால் அங்கேயும் வெட்டி, கதிர்ச் சிகிச்சையும் கொடுப்பார்கள். இவருக்கு நெரியில் ஒன்றும் இல்லை.

வார்ட்டில் அக்காவோடு இருந்த நாட்களில் தாதி ஒருவர் இன்னொரு விடயம் சொன்னார். இடுப்பைப் பாருங்கள் என்றார். இந்தியாவில் சேலைப் புற்று என்று ஒன்றை வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். உள்பாவாடை நாடாவை ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டிக் கட்டி, அந்த வரியில் தோல் கறுத்து, உரிந்து, புண்ணாகி, வெகு சிலருக்கு அது புற்றாகிறது. வேட்டி கட்டும் ஆண்களுக்கும் வருவதை 1945ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார்கள். 2024இல் வெளிவந்த வைத்தியச் சஞ்சிகை ஒன்றில், விலாப்பக்கத்தில் 18 மாதமாக ஆறாத புண்ணோடு வந்த 70 வயதுப் பெண்ணின் விபரம் இருக்கிறது. வாசித்தபோது நான் மலையை நினைத்தேன். பாவாடை நாடா, அதன்மேல் படங்கு, படங்கின்மேல் கயிறு, அதற்குள் மழைநீரும் வியர்வையும். நாடாவை அகலமான துணிப்பட்டியாக மாற்றுங்கள். சில நாள் மேலே, சில நாள் கீழே கட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் தளர்த்துங்கள். இடுப்புவரியில் தோல் உரிந்துகொண்டே இருந்தால் மறைக்காதீர்கள்.

உள்ளங்காலையும் பாருங்கள். கறுத்த தோல்காரருக்கு மெலனோமா என்ற கொடிய கரும்புற்று வருவது அரிது. ஆனால் வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று குடை மறைக்காத இடத்தில்தான் பெரும்பாலும் வருகிறது. அதற்கும் வெயிலுக்கும் சம்பந்தமில்லை. பொப் மார்லி என்ற பாடகரின் படத்தைப் பையன்கள் சட்டையில் போட்டுத் திரிகிறார்களே, அவர் 1981இல் தமது 36 வயதில் இறந்தது கால்பெருவிரல் நகத்தடியில் தொடங்கிய மெலனோமாவால்தான். அட்டை கடித்த கறுப்பு, கல் குத்திய கறுப்பு சில வாரத்தில் மறையும், அல்லது நகத்தோடு வளர்ந்து வெளியே போகும். போகாமல் அகன்றுகொண்டே வரும் கறுப்பு வேறு.

வாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த மலைநாட்டில் தோலில் வரும் புற்றைவிட வாயில் வரும் புற்றுத்தான் அதிகம் உயிர் வாங்குகிறது. வெற்றிலையோடு புகையிலை போடுபவர்கள் மட்டுமல்ல, வெறும் பாக்கும் ஆபத்து. கன்னத்தின் உட்புறத்தில் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, உறைப்புப் பட்டால் எரிவு, மூன்று விரலை நிமிர்த்தி வாய்க்குள் விட முடியாதபடி வாய் இறுகுதல் ஆகியவை அதற்கு முந்திய படிகள். 1980களின் தொடக்கத்திலேயே பேராதனைப் பல்வைத்தியப் பேராசிரியர்கள் கிராமத்துச் சுகாதார ஊழியர்களுக்கு வாயைப் பார்க்கப் பழக்கி, ஆயிரக்கணக்கானவர்களைப் பரிசோதித்தார்கள். ஊழியர்கள் சரியாகத்தான் கண்டுபிடித்தார்கள். ஆனால் திட்டு இருக்கிறது, போய்க் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் பெருந்தொகையானவர்கள் போகவே இல்லை. இதற்கு ஒரு தனிக் கட்டுரை வேண்டும். அடுத்த முறை பார்ப்போம்.

தழும்பு உள்ளவர்கள் தினமும் செய்யக்கூடியவை சில உண்டு. குளித்ததும் தேங்காயெண்ணெய் தடவி மெதுவாக நீவுங்கள், தோல் வெடிப்பது குறையும். சொறியாதீர்கள். வெளிறிய தழும்பை வெயிலில் விடாமல் துணியால் மூடுங்கள், அந்த இடத்தில் குடை இல்லை. மலைக்குப் போகும்போது பழைய நீளக் காலுறையை முழங்காலுக்கு மேல் இழுத்துவிட்டால் சிம்பு கிழிக்காது. மாதம் ஒருமுறை தலைக்கு முழுகும் நாளில் கண்ணாடி வைத்து, எட்டாத இடத்தை மகளையோ சகோதரியையோ பார்க்கச் சொல்லுங்கள். இழுத்துச் சுருங்கி அடிக்கடி வெடிக்கும் தழும்பு இருந்தால், புண் வராதபோதே தோல் ஒட்டுப் போட முடியுமா என்று கிளினிக்கில் கேளுங்கள். இனிமேல் சுட்டுக்கொள்பவர்களுக்கு ஓடும் தண்ணீரை இருபது நிமிடம் ஊற்றுங்கள். பற்பசையும் சாம்பலும் வேண்டாம்.

அக்காவின் கால் வெந்தது ஒரு குப்பி விளக்கால் என்று சொன்னேன். விஜய கொடகும்புர என்ற சத்திரசிகிச்சை வைத்தியர், இப்படி வெந்து வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல், 1992ஆம் ஆண்டில் சுதீப என்ற விளக்கை உருவாக்கினார். மார்மைட் போத்தல் போலக் குட்டையான, கனமான, தடித்த கண்ணாடி. திருகி மூடும் தகர மூடி. இரண்டு பக்கம் தட்டையாக இருப்பதால் விழுந்தாலும் உருளாது, எண்ணெயும் கொட்டாது. 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. கரன்ட் வெட்டுப்படும் நாட்களில் இன்னமும் சில லயங்களில் உயரமான மருந்துப் போத்தலில் திரி போட்டுக் கொளுத்துவதைப் பார்க்கிறேன். வெற்று மார்மைட் போத்தல் கிடைத்தால் அதையாவது எடுத்து வையுங்கள்.

அக்காவின் முழங்கால் இப்போது முழுதாக மடங்காது. செங்குத்து மலையில் ஏற முடியாது என்பதால் கொழுந்து எடுக்கப் போவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்கு வருகிறார். அந்தக் கார்டைச் சீலைத் துணியில் சுற்றிச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். தையல் வகுப்பில் அவருக்காக மெஷினை ஜன்னலோரம் திருப்பிப் போட்டிருக்கிறோம், நல்ல காலால் மிதிக்கட்டும் என்று. போன மாதம் அவரோடு ஒரே மலையில் வேலை செய்த இன்னொரு பெண்ணைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண்ணின் குதிகாலில் ஒரு பழைய தழும்பு.

"காட்டு பிள்ள, தங்கச்சிதான், ஒண்ணும் சொல்லாது" என்றார்.